குட்டி நாய்க்குச் சிறுநீர் ஒழுகினால்: கண்டறிவதிலிருந்து அறுவை சிகிச்சை வரை

வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கங்களில் புதிதாகக் கிளினிக் தொடங்கியிருக்கும் கால்நடை மருத்துவர்களையும், பயிற்சிக்காக எங்களிடம் வந்து நிற்கும் மாணவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஓராண்டுக்குட்பட்ட நாய்க்குச் சிறுநீர் தானாக ஒழுகும்போது எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதே இங்கே பேச்சு. கத்தியைப் பிடிப்பது இந்த வேலையின் கடைசியில் வரும் ஒரு பகுதிதான். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டவை. நாய் வளர்ப்பவர்கள் 1, 5, 9 ஆகிய பகுதிகளைப் படித்தால் போதும். மருந்தளவுகள் மருத்துவருக்கானவை, வீட்டில் கொடுத்துப் பார்ப்பதற்கானவை அல்ல.

முதலில் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துவிடுவோம். தமிழில் பேசும்போது சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாயையும், பையிலிருந்து வெளியே போகும் குழாயையும் நாம் ‘சிறுநீர்க்குழாய்’ என்றே சொல்லிவிடுகிறோம். உரிமையாளருக்கு நோயை விளக்கும்போது பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. ஆகவே முதல் குழாயை யூரிட்டர் என்றும் இரண்டாவதை யூரித்ரா என்றும் எழுதுகிறேன்.

குட்டி நாய்களில் விடாமல் ஒழுகுவதற்கு முதன்மையான காரணம் யூரிட்டர் பிறவியிலேயே இடம் மாறித் திறப்பது. அது சிறுநீர்ப்பையின் கழுத்தருகே உள்ள முக்கோணப் பகுதியில் திறக்காமல், அதைத் தாண்டி யூரித்ராவிலோ, அரிதாகப் பெண்குறியின் உட்பகுதியிலோ திறந்தால், சிறுநீரை அடக்கிவைக்கும் சுருக்குத்தசையின் காவலைக் கடந்து சிறுநீர் வெளியேறிவிடும். இரண்டாவது காரணம் அந்தச் சுருக்குத்தசையே பிறவியில் வலுக்குன்றியிருப்பது. இந்த இரண்டும் ஒரே நாயில் சேர்ந்திருப்பது சர்வ சாதாரணம் என்பதை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியின் பாதிக்குமேல் அதைச் சுற்றியே வரும்.

1. எப்போது ஒழுகுகிறது என்று கேளுங்கள்

‘ஒழுகுகிறதா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்ற பதில்தான் வரும், அதனால் பயனில்லை. தூங்கும்போதா, நடக்கும்போதா, யாராவது வீட்டுக்கு வந்ததும் குழைந்து படுக்கும்போதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். குழைந்து படுக்கும்போது மட்டும் சிறுநீர் போனால் அது பணிவைக் காட்டும் குட்டிக் குணம், உடற்கோளாறு அல்ல. குந்தி உட்கார்ந்து, வாலைத் தூக்கி, ஒரு மூலையில் போனால் அது இன்னும் பழக்கப்படாத குட்டி. நாய் தனக்கே தெரியாமல் நனைந்து கிடப்பதுதான் நாம் தேடுவது.

குடியாத்தத்திலிருந்து நான்கு மாத லேப்ரடார் பெண் குட்டியைக் கொண்டுவந்த ஓர் அம்மா, “படுத்த எடமெல்லாம் ஈரமா கீதுங்க டாக்டர், ஆனா வெளிய வுட்டா ஒழுங்காத்தான் போவுது” என்றார். உடன் இருந்த பயிற்சி மாணவர் ‘ஒழுங்காகப் போகிறது’ என்ற இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, யூரிட்டர் கோளாறாக இருக்காது என்று குறித்துவிட்டார். இது அடிக்கடி நிகழும் பிழை. ஒரு பக்க யூரிட்டர் மட்டும் இடம் மாறியிருந்தால் மறுபக்கச் சிறுநீர் பையை நிரப்பும். இரு பக்கமும் மாறியிருந்தாலும் யூரித்ராவில் இறங்கிய சிறுநீர் பின்னோக்கி ஏறிப் பையை நிரப்புவதுண்டு. ஆகவே இயல்பாகச் சிறுநீர் கழிப்பது இந்த நோயை விலக்கிவிடாது.

எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு வரும் பதிலை அப்படியே நம்பாதீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் சிமென்ட் தரையில் விழுந்த ஈரம் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது; வெள்ளைக் கோடு போன்ற ஒரு விளிம்பு மட்டும் மிஞ்சும். அதே நாய் ஐப்பசி மழையில் படுத்த கோணியை நாள் முழுக்க நனைத்து வைத்திருக்கும்போது ‘போன வாரம்தான் ஆரம்பித்தது’ என்பார்கள். குட்டியை வாங்கி வந்த முதல் வாரத்தில் அதன் பின்தொடை ரோமம் எப்படி இருந்தது, வாடை அடித்ததா என்று கேட்டால் உண்மையான காலம் கிடைக்கும். பால் மறந்த நாளிலிருந்தே இருந்தால் அது பிறவிக் கோளாறை நோக்கிக் கை காட்டுகிறது.

தண்ணீர்க் கணக்கையும் கேட்டே ஆக வேண்டும். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மீதியை அளக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால், ஒழுகலைத் தேடுவதற்கு முன் அது ஏன் அவ்வளவு குடிக்கிறது என்று தேட வேண்டும். மே மாதத்தில் மொட்டைமாடியில் கட்டிவைத்த நாய் கூடுதலாகக் குடிப்பது இயற்கை என்பதால், நிழலில் வைத்து இரண்டு நாள் அளந்த கணக்கையே நான் எடுத்துக்கொள்வேன்.

இனமும் பாலினமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், சைபீரியன் ஹஸ்கி, பூடில், புல்டாக் ஆகியவற்றில் இந்த நோய் கூடுதலாகப் பதிவாகியுள்ளது. பெண் நாய்களிலேயே மிகுதி. ஆண் நாயின் யூரித்ரா நீளமானது என்பதால் அதே கோளாறு இருந்தும் ஒழுகாமலோ, பல ஆண்டுகள் கழித்து ஒழுகத் தொடங்கியோ வரலாம். நாட்டு நாய்க்கு வராது என்று எண்ணி விட்டுவிடவும் கூடாது.

2. கையால் பார்த்து முடியுங்கள்

ஸ்கேன் கருவியைத் தொடுவதற்கு முன் நாயைப் பத்து நிமிடம் வெளியே நடக்கவிட்டு, அது சிறுநீர் கழிப்பதை நீங்களே பாருங்கள். உரிமையாளர் சொல்வதும் நீங்கள் பார்ப்பதும் வேறாக இருக்கும். கழித்து முடித்தவுடன் பையில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று ஸ்கேனில் அளந்தால், இயல்பான நாயில் அது கிலோவுக்கு அரை மில்லியைத் தாண்டாது. மிகுதியாக மீதி இருந்தால், நிரம்பி வழிவதைத்தான் ஒழுகல் என்கிறார்களோ என்று சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது நரம்பு. வால் அசைகிறதா, ஆசனவாயைச் சுற்றித் தொட்டால் சுருங்குகிறதா, பின்னங்கால்கள் ஒழுங்காக ஊன்றுகின்றனவா என்று பாருங்கள். முறுக்கு வால் உள்ள புல்டாக், பக் குட்டிகளில் முதுகெலும்பின் கடைப்பகுதியே பிறவியில் குறைபட்டிருக்கலாம். பையை லேசாக அழுத்தினாலே பீய்ச்சியடித்தால் கோளாறு நரம்பில் இருக்கலாம். அப்படியானால் அந்த நாய்க்கு யூரிட்டர் அறுவை செய்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

பிறப்புறுப்பின் உதடுகளைப் பிரித்துப் பார்க்கும் வேலையைப் பலர் கூச்சத்தாலோ அவசரத்தாலோ விட்டுவிடுகிறார்கள். உள்ளே குறுக்குச் சவ்வு இருக்கிறதா, வழி குறுகியிருக்கிறதா என்பதை மயக்கநிலையில் விரலால் தொட்டுப் பார்க்கலாம். அங்கே தேங்கி நிற்கும் சிறுநீர், நாய் எழுந்ததும் வழிவதுண்டு. தொப்புளையும் பாருங்கள்; அங்கே ஈரமிருந்தால் பிறப்புக்கு முன் மூடியிருக்க வேண்டிய வழி திறந்திருக்கிறது.

தோல் வெந்திருந்தால் அதற்கான கவனிப்பை அன்றே தொடங்கிவிடுங்கள். நம் ஊர் கோடையில் நனைந்த ரோமத்தில் ஈ மொய்த்து இரண்டே நாளில் புழு வைத்துவிடும். ரோமத்தைக் கத்தரித்து, கழுவித் துடைத்து, களிம்பு தடவி வைத்தால்தான் பிற்பாடு அறுவைக்கான இடம் சுத்தமாகக் கிடைக்கும்.

3. சிறுநீரும் இரத்தமும்: கல்ச்சருக்கு முன் மாத்திரை வேண்டாம்

இடம் மாறிய யூரிட்டர் உள்ள நாய்களில் பாதிக்கு மேற்பட்டவை சிறுநீர்த் தொற்றோடுதான் வருகின்றன. இங்கேதான் நான் காணும் மிகப் பெரிய பிழை நிகழ்கிறது: ஒழுகுகிறது என்றதும் ஒரு வாரம் ஆன்டிபயாடிக், குறையவில்லை என்றால் வேறொன்று, பிறகு மூன்றாவது. என்னிடம் வந்த ஒரு குட்டி ஐந்து முறை மருந்து மாறியிருந்தது. கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை, செய்தபோது வளர்ந்த கிருமிக்கு வாய்வழி கொடுக்கக்கூடிய மருந்து எதுவுமே பட்டியலில் மிஞ்சவில்லை.

மாதிரியை ஸ்கேன் பார்த்தபடி வயிற்றின் வழியாக ஊசியில் எடுங்கள். இந்தக் குட்டிகளில் பை சிறியதாக இருக்கும். குருட்டாம்போக்கில் குத்தினால் குடலில் போய் நிற்கும். தரையிலிருந்து பஞ்சால் எடுத்ததோ, கழிக்கும்போது பிடித்ததோ கல்ச்சருக்கு உதவாது. அடர்த்தியை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். 1.030க்கு மேலிருந்தால் சிறுநீரகம் செறிவாக்கும் வேலையை ஓரளவு செய்கிறது என்று பொருள்.

இரத்தத்தில் கிரியேட்டினின், யூரியா (இரண்டும் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள்), எலெக்ட்ரோலைட், முழு அணுக்கணக்கு தேவை. யூரிட்டர் இடம் மாறிய பக்கத்துச் சிறுநீரகமே வளர்ச்சி குன்றியோ வீங்கியோ இருக்கலாம் என்பதால் இந்த எண்கள் மயக்க மருந்துக்காக மட்டுமல்ல, எந்த வகை அறுவை என்று முடிவெடுப்பதற்கும் வேண்டும்.

4. படம் எடுப்பது: எந்த வரிசையில்

முதலில் ஸ்கேன், ஏனெனில் அதற்கு மயக்கம் வேண்டியதில்லை. இரண்டு சிறுநீரகங்களின் அளவும் உள்ளமைப்பும், யூரிட்டர் விரிந்திருக்கிறதா என்பதும், பை இடுப்புக் கூட்டுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறதா என்பதும் தெரியும். கலர் டாப்ளர் இருந்தால் முக்கோணப் பகுதியில் யூரிட்டர் சிறுநீரைப் பீய்ச்சும் சிறு சுடரைத் தேடலாம். ஒரு பக்கச் சுடர் தெரியவில்லை என்பதால் மட்டும் நோய் உறுதியாகிவிடாது. விரியாத யூரிட்டரை ஸ்கேனில் தவறவிடுவது எளிது. ஸ்கேன் இயல்பாக இருக்கிறது என்ற தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் அலைந்தவர்கள் உண்டு.

அடுத்தது கான்ட்ராஸ்ட் எக்ஸ்ரே, அதாவது படத்தில் வெண்மையாகத் தெரியும் மருந்தைச் செலுத்தி எடுப்பது. நம் மாவட்டக் கிளினிக்குகளில் இதுவே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வழி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முந்தைய நாள் இரவிலிருந்து உணவை நிறுத்தி, காலையில் எனிமா கொடுத்துப் பெருங்குடலைக் காலி செய்யுங்கள். குடலில் மலம் இருந்தால் இடுப்புக்குள் யூரிட்டர் முடியும் இடத்தை அது மறைத்துவிடும். எனிமாவை விட்டுவிட்டு எடுத்த படங்கள் அத்தனையும் வீண். நாய்க்கு நீர் வற்றியிருக்கக் கூடாது என்பதால் தண்ணீரை நிறுத்த வேண்டாம்; சிரை வழியாகத் திரவமும் ஏற்றுங்கள். முதலில் வெறும் எக்ஸ்ரே ஒன்று எடுத்து, எனிமா வேலை செய்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பையைக் கதீட்டரால் (உள்ளே செலுத்தும் மெல்லிய குழாய்) காலி செய்து, காற்றுக் குமிழி இரத்தத்துக்குள் போகும் ஆபத்தைக் குறைக்க நாயை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, இயன்றால் கார்பன் டை ஆக்சைடால் பையை மிதமாக நிரப்புங்கள். பிறகு அயோஹெக்சால் போன்ற அயனியற்ற அயோடின் மருந்தைக் கிலோவுக்கு 600 முதல் 800 மி.கி. அயோடின் என்ற கணக்கில் சிரையில் செலுத்த வேண்டும். மில்லிக்கு 300 மி.கி. உள்ள மருந்தானால் கிலோவுக்கு 2 மில்லியில் தொடங்கலாம். செலுத்தியவுடனும், 5, 10, 20, 40 நிமிடங்களிலும் படம் எடுங்கள். நேர்ப் படமும் பக்கப் படமும் எடுத்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். யூரிட்டர் எங்கே முடிகிறது என்பதைப் பெரும்பாலும் சாய்வாக எடுத்த படம்தான் காட்டும். வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை ஊசியில் ஏற்றியே பக்கத்தில் வைத்திருங்கள்.

சிறுநீரகம் தெரிந்து, யூரிட்டரின் முடிவு மட்டும் தெரியவில்லை என்றால், மயக்கத்தில் பிறப்புறுப்பின் வாயிலில் ஃபோலி கதீட்டர் வைத்து, உதடுகளை மென்மையான கிளிப்பால் மூடி, கான்ட்ராஸ்ட் மருந்தைப் பின்னோக்கிச் செலுத்தலாம். அழுத்தம் உணர்ந்தவுடன் நிறுத்துங்கள். குட்டியின் உறுப்புச் சுவர் கிழியும்.

இவற்றுக்கும் மேல் இரண்டு கருவிகள் உண்டு. கான்ட்ராஸ்டுடன் எடுக்கும் சி.டி., யூரிட்டரின் பாதையை எக்ஸ்ரேயைவிடத் தெளிவாகக் காட்டும். உள்நோக்கிக் கருவி யூரித்ராவுக்குள் சென்று திறப்பையே கண்ணுக்குக் காட்டும். பெண்ணுறுப்புக் குறைபாடுகளையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். இந்த இரண்டும் இங்கே இல்லையென்றால், வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மையத்துக்கு அனுப்புவது நம் குறை அல்ல. வேலூரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர்தான். அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் அன்று கருவி இயங்குகிறதா என்று கேட்டுவிட்டு, கல்ச்சர் முடிவையும் இரத்த எண்களையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.

5. உரிமையாளரிடம் அறுவைக்கு முன் சொல்ல வேண்டியது

‘ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும்’ என்று சொல்லாதீர்கள். யூரிட்டரைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்த பிறகும் ஏறக்குறைய பாதி நாய்களில் ஏதோ ஓர் அளவில் ஒழுகல் நீடிக்கிறது. காரணம், சுருக்குத்தசையின் குறையும் கூடவே இருப்பதுதான். அவற்றில் பலவற்றை மாத்திரையால் உலர வைக்கலாம், சிலவற்றை முடியாது. இந்தக் கணக்கை முன்கூட்டியே சொன்னால் அது விளக்கம். அறுவைக்குப் பின் சொன்னால் சாக்கு.

இதையே நான் இளம் வயதில் தலைகீழாகச் செய்தேன். ‘கொஞ்சம் சொட்டுது’ என்று கொண்டுவந்த ஐந்து மாதப் பெண் குட்டிக்கு, சொட்டலைத் துருவிப் பார்க்காமல், கேட்ட கருத்தடை அறுவையை முடித்து அனுப்பினேன். ஒரு மாதத்தில் முன்னிலும் மிகுதியாக ஒழுகியபடி வந்தது. யூரிட்டர் பிறவியிலேயே இடம் மாறியிருந்ததைப் பிறகுதான் கண்டோம். ஆனால் அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை ஒழுகலை உண்டாக்கியது என் கத்தி. அவர்கள் அப்படி எண்ணியதில் பிழையும் இல்லை.

பணம், நாள், மீள்பரிசோதனை, மருந்து நீளலாம் என்பது, ஒரு சிறுநீரகத்தை இழக்க நேரலாம் என்பது ஆகிய அனைத்தையும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்த வாரத்திலிருந்தே ஒரு நோட்டில் காலை, மாலை, தூக்கம் என மூன்று கட்டம் போட்டு ஈரம், உலர்வு என்று குறிக்கச் சொல்லுங்கள். அறுவைக்குப் பின் முன்னேற்றத்தை அளக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

6. அறுவைக்கு முந்தைய நாட்கள்

கல்ச்சர் காட்டிய மருந்தைக் கொடுத்துத் தொற்றைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே நாள் குறியுங்கள். தொற்றுள்ள பைச்சுவர் வீங்கி, தையல் இழை அதை அறுத்துக்கொண்டு வரும். அதே நேரத்தில் சிறுநீரகம் வீங்கிக்கொண்டே போனால் மாதக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது.

குட்டிக்கு நீண்ட பட்டினி ஆகாது. நான்கு முதல் ஆறு மணி நேரம் போதும், சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே 41 டிகிரி அடிக்கும் நாளிலும் குளிரூட்டிய அறுவை அறையில் வயிறு திறந்து கிடக்கும் குட்டியின் உடல் சில்லிட்டுப்போகும். வெந்நீர்ப் பை வைக்கச் சொன்னால் இந்த வெயிலுக்கா என்று சிரிக்கிறார்கள். மலக்குடல் வெப்பமானி காட்டும் எண்ணைப் பார்த்த பிறகு சிரிப்பதில்லை.

நூல், கருவிகளை முந்தைய நாளே எடுத்து வையுங்கள்: 5-0, 6-0 அளவில் கரையும் ஒற்றை இழை நூல், பையை மூட 3-0 அல்லது 4-0, 3.5 மற்றும் 5 பிரெஞ்ச் அளவில் மெல்லிய கதீட்டர்கள், கண்ணில் மாட்டும் உருப்பெருக்கி, சக்‌ஷன். உருப்பெருக்கி இல்லாமல் ஐந்து கிலோ குட்டியின் யூரிட்டரைத் தைக்க முயல வேண்டாம்.

7. அறுவை: சுவருக்குள் ஓடும் யூரிட்டர்

நாய்களில் மிகப் பெரும்பான்மை இந்த வகைதான். யூரிட்டர் வெளியிலிருந்து பார்க்கச் சரியான இடத்தில் பையைத் தொடும். ஆனால் திறக்காமல் சுவருக்குள்ளேயே சுரங்கம்போல ஓடி யூரித்ராவில் போய்த் திறக்கும். வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று வயிற்றை மூடிவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை.

மயக்கம் தொடங்கும்போது செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கிலோவுக்கு 22 மி.கி. சிரையில் கொடுத்து, 90 நிமிடத்துக்கு ஒருமுறை தொடருங்கள். நாயை மல்லாத்திப் படுக்கவைத்து, நெஞ்செலும்பின் முனையிலிருந்து பிறப்புறுப்பு வரை சுத்தம் செய்து, பிறப்புறுப்பையும் அறுவைப் பரப்புக்குள்ளேயே வைத்துத் துணி போடுங்கள். நடுவில் யூரித்ரா வழியாகக் கதீட்டர் செலுத்த வேண்டிவரும். அப்போது துணியைக் கலைத்தால் சுத்தம் போய்விடும்.

நடுக்கோட்டில் வயிற்றைத் திறந்ததும் முதலில் இரண்டு சிறுநீரகங்களையும், அங்கிருந்து இரண்டு யூரிட்டர்களையும் பை வரை கண்ணால் தொடர்ந்து வாருங்கள். பிறகு பையின் அடிப்புறத்தில், அதாவது மல்லாந்த நாயில் நமக்கு நேராகத் தெரியும் புறத்தில், தாங்கு தையல்கள் போட்டு, நடுவில் வெட்டி, யூரித்ராவின் தொடக்கம் வரை நீட்டுங்கள். முதுகுப்புறத்தில் வெட்டினால் முக்கோணப் பகுதியையே வெட்டிவிடுவீர்கள்.

இப்போது உதவியாளரை யூரித்ராவை இரு விரலால் மெல்ல அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில், சளிச்சவ்வுக்கு அடியில் நனைந்த நூலைப்போல ஒரு வரி தெரியத் தொடங்கி, சிறுநீர் தேங்கத் தேங்க அது மெல்லிய நீலச்சாயல் கொண்ட சிறு மேடாக எழும்பும். அதுதான் யூரிட்டர். இந்தக் காத்திருப்பைப் பொறுக்காமல் தோராயமாகக் கீறியவர்கள் சளிச்சவ்வில் மூன்று நான்கு பொய்த் துளைகளைப் போட்டுவிட்டு இரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

மேடு முக்கோணப் பகுதியைக் கடக்கும் இடத்தில், அதன்மேல் நீளவாக்கில் 3 முதல் 5 மில்லிமீட்டர் கீறுங்கள். கீற்றின் வழியே சிறுநீர் துளிர்க்க வேண்டும். 3.5 பிரெஞ்ச் கதீட்டரைச் சிறுநீரகத்தின் பக்கமாக உள்ளே விட்டு வழி தடையின்றிப் போகிறதா என்று உறுதி செய்த பிறகே தையல். யூரிட்டரின் உட்சவ்வைப் பையின் உட்சவ்வோடு 5-0 அல்லது 6-0 நூலால் தனித்தனித் தையல்களாக இணையுங்கள். கரையாத நூல் உள்வழியில் இருந்தால் அதைச் சுற்றியே கல் வளரும் என்பதால் இங்கே கரையும் நூல்தான். யூரிட்டரின் விளிம்பைக் கிடுக்கியால் பிடிக்காதீர்கள். ஒருமுறை நசுங்கினால் அந்த இடம் வீங்கி அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது கீழே மீதமிருக்கும் சுரங்கம். புதிய வாயைத் திறந்துவிட்டு அதை அப்படியே விட்டால் சிறுநீர் பழைய வழியிலேயே இறங்கும். கதீட்டரை இப்போது கீழ்ப்பக்கமாக விட்டுச் சுரங்கத்தின் பாதையைத் தெரிந்துகொண்டு, கதீட்டரை எடுத்துவிட்டு, யூரித்ராவின் உள்வழியைத் துளைக்காதவாறு சுரங்கத்தைச் சுற்றி இரண்டு கட்டுகள் போடலாம். கட்டிய இடம் நாளடைவில் மீண்டும் திறந்துகொள்வதுண்டு. இயன்றவரை சுரங்கத்தை அகற்றிப் பையின் கழுத்தைச் சீராக்குவது மற்றொரு முறை. அது சுருக்குத்தசையின் அமைப்பை மேம்படுத்தும் என்பது அதன் நியாயம். ஆனால் ஒழுகல் நிற்பதில் அது தெளிவாகச் சிறந்தது என்று நிறுவப்படவில்லை என்பதால், முதல் சில அறுவைகளில் கட்டுப் போடும் முறையையே பரிந்துரைப்பேன்.

மறுபக்க யூரிட்டரையும் பார்க்காமல் மூடாதீர்கள். இரு பக்கமும் மாறியிருப்பது அரிதல்ல. பிறகு பையை ஒரே அடுக்கில் மூடி, உப்புநீரால் மிதமாக நிரப்பிக் கசிவு பார்த்து, வயிற்றைக் கழுவி மூடுங்கள்.

உள்நோக்கி வழியாக லேசரால் இந்தச் சுரங்கத்தின் சுவரைத் திறந்துவிடும் முறையும் உண்டு. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. சுவருக்குள் ஓடும் வகைக்கு மட்டுமே அது பொருந்தும்.

8. மற்ற இரண்டு நிலைகள்

யூரிட்டர் பையைத் தொடாமலே வெளியே ஓடி யூரித்ராவில் இணைந்திருந்தால், இணையும் இடத்தில் நூலால் கட்டி வெட்டி, பைச்சுவரில் சாய்வாக ஒரு வழி செய்து உள்ளே இழுத்து, முனையைச் சற்றே பிளந்து அகலமாக்கி, 6-0 நூலால் ஆறு முதல் எட்டுத் தையல்களில் பொருத்த வேண்டும். யூரிட்டரைச் சுற்றியுள்ள கொழுப்பைச் ‘சுத்தம்’ செய்யாதீர்கள், இரத்த ஓட்டம் அதில்தான் இருக்கிறது. இழுபடும் நிலையில் தைத்தால் பிய்ந்துவிடும்.

சிறுநீரகத்தை யூரிட்டரோடு அகற்றுவது, அந்தச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்பதும் மறுபக்கச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்பதும் இரண்டும் உறுதியான பிறகு மட்டுமே. விரிந்து வீங்கிய சிறுநீரகம் தடை நீங்கியதும் ஓரளவு மீள்வதுண்டு. பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக எடுத்துவிடாதீர்கள்.

பை இடுப்புக் கூட்டுக்குள் இறங்கியிருந்தால் அதை முன்னே இழுத்து நிறுத்தும் அறுவை தனி. இதனோடு சேர்த்துச் செய்ய ஆசைப்படாமல், முதல் அறுவையின் பலனைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

9. முதல் மூன்று நாள்

வலிநீக்கி முறையாகப் போக வேண்டும். பியூப்ரனார்ஃபின் போன்றவை முதல் நாளுக்கு ஏற்றவை. கிரியேட்டினின் உயர்ந்த நாய்க்கு மெலாக்சிகாம் என்ற வலிநீக்கி வேண்டாம்.

ஒவ்வொரு முறை கழிப்பதையும் பார்த்து எழுதுங்கள். சிறுநீர் இளஞ்சிவப்பாக இருப்பதும், அடிக்கடி குந்துவதும் சில நாட்கள் இருக்கும். குட்டி சோர்ந்து, வாந்தி எடுத்து, கிரியேட்டினின் ஏறினால் இரண்டு சந்தேகங்கள்: தைத்த வாய் வீங்கி அடைத்திருக்கலாம், அல்லது வயிற்றுக்குள் கசியலாம். ஸ்கேனில் சிறுநீரகம் விரிந்திருந்தால் முதலாவது. வயிற்றில் நீர் தெரிந்தால் அதில் சிறிது உறிஞ்சி, அதன் கிரியேட்டினினை இரத்தத்தோடு ஒப்பிடுங்கள். இரு மடங்குக்கு மேல் இருந்தால் அது சிறுநீர். இரண்டிலும் மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

வீட்டில் கழுத்துக் கூம்பைக் கழற்றவே கூடாது. ‘பாவம், சாப்பிட முடியல’ என்று கழற்றிய அரை மணி நேரத்தில் தையலைக் கடித்துப் பிரித்த நாய்கள் உண்டு. சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கழற்றி, முடிந்ததும் மாட்டுங்கள்.

10. இன்னும் ஒழுகினால்

முதல் சில வாரங்களின் ஈரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்; வீக்கம் வடிய வேண்டும். ஆன்டிபயாடிக் முடிந்து ஒரு வாரம் கழித்து மீண்டும் கல்ச்சர், நான்கு முதல் ஆறு வாரத்தில் ஸ்கேன். அப்போதும் ஒழுகினால் வரிசை இதுதான்: தொற்று இருக்கிறதா, பழைய சுரங்கம் திறந்துகொண்டதா, மறுபக்க யூரிட்டரைத் தவறவிட்டோமா. இவை இல்லையென்றால் சுருக்குத்தசை.

சுருக்குத்தசைக்கு ஃபினைல்புரோபனோலமின் கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி., நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கி, இடையிலும் பாருங்கள். தனி மருந்தாகக் கிடைக்கவில்லை என்று, மனிதர்களின் சளி மாத்திரையை உடைத்துக் கொடுக்கச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. அதில் பாராசிட்டமாலும் வேறு மருந்துகளும் கலந்திருக்கும் என்பதால் அது கூடாது. ஈஸ்ட்ரியால் என்ற ஹார்மோன் மருந்து பருவம் அடைந்த பெண் நாய்க்கு மட்டுமே. எதற்கும் அடங்காத நாய்களுக்கு யூரித்ராவைச் சுற்றி வைக்கும் செயற்கை வளையம் என்றொரு வழி பெரிய மையங்களில் உண்டு.

கருத்தடையைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். சுருக்குத்தசை மட்டும் வலுக்குன்றிய பெண் குட்டிகளில் ஏறக்குறைய பாதி முதல் பருவத்துக்குப் பின் தேறிவிடுவதால், அதற்கு முன் கருப்பையை எடுக்க நான் சம்மதிப்பதில்லை. ஆனால் யூரிட்டர் இடம் மாறிய நாயிலிருந்து குட்டி எடுக்கக் கூடாது. சில இனங்களில் இது பரம்பரையாக வருகிறது. ஒரு பருவம் கடந்து, நோட்டில் ஈரக் குறிகள் நிலைபெற்ற பிறகு கருத்தடைக்கு நாள் கொடுக்கிறேன். அந்த நாளில் அதே ஈற்றில் பிறந்த மற்ற குட்டிகள் யார் யார் வீட்டில் இருக்கின்றன என்றும் கேட்டு, அவற்றையும் ஒருமுறை ஸ்கேனுக்குக் கொண்டுவரச் சொல்கிறேன்.